ஜன்னல் ஸ்டாப்

என் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் மைக் என்று பெயர். இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், வாயோரம் கம்பி மைக், கையில் மடக்கிய மஞ்சள் குடை. வெயிலோ மழையோ அந்தக் குடை விரியாது. பின்னால் வருகிற கூட்டம் வழி தவறிவிடாமல் இருக்க அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது அவர் வேலை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட ஒரு முன்கதை சொல்லித்தான் விஷயத்துக்கு வருவார். நான் அரண்மனை வாசலில் பைகளை வாங்கி வைக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பையை வாங்கி டோக்கனைக் கொடு, டோக்கனை வாங்கிப் பையைக் கொடு. என் வேலைக்கு வாய் வேண்டாம். அவர் வேலைக்கு வாய் மட்டும் போதும்.

கைடுகளுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ஸ்டாப். அந்த இடத்தில் நின்று அந்தக் கதையை அவர் மட்டும்தான் சொல்லலாம். கோட்டை வாசலில் கிடக்கிற பீரங்கி ஒருவருடையது, அதனால் அவர் பெயரே பீரங்கி ஆகிவிட்டது. அகழி ஓரத்துக் கிணறு இன்னொருவருடையது. மற்றவர்கள் அந்த இடங்களில் கூட்டத்தை நிறுத்தி, கட்டிய வருஷத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அடுத்தவன் கதையில் கை வைத்தவனுக்கு மணிக்கூண்டு டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது.

இவர் தொழிலுக்குத் தாமதமாக வந்தவர். நல்ல ஸ்டாப்பெல்லாம் அதற்குள் போய்விட்டது. மிஞ்சியது எங்கள் சந்து. கோட்டை வாசலிலிருந்து அரண்மனைக்குக் குறுக்கு வழி என்பதால் கூட்டம் அதில்தான் நடக்கும், ஆனால் பார்ப்பதற்கு ஒரு தையல் கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு மாவு மில், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். "டிரான்ஸ்ஃபார்மரக் காட்டி என்னத்தச் சொல்றது, மகாராஜா ஷாக் அடிச்சுச் செத்தாருன்னா?" என்று தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு புலம்புவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன வருஷம் ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். "எனக்கும் ஒரு ஸ்டாப் கெடச்சிடுச்சு. நம்ம சந்துலயே, ஒரு பழைய வீடு." நல்லதாயிற்று என்றேன். எந்த வீடு, என்ன கதை என்று கேட்கவில்லை. நாள் முழுக்க அரண்மனைக் கதை கேட்டுக் காது புளித்தவள் நான், வீட்டிலுமா? அதற்கப்புறம் சந்து வழியாக வந்து பை வைக்கிற பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்ப்பேன். நம்ம ஆள் பேச்சு அப்படி என்று உள்ளுக்குள் பெருமை வேறு. தூ.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் அக்கா இருக்கிறாள். கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் எனக்கு வேறு அக்கா கிடையாது. கீழே இருக்கிற தையல் கடைக்கு பட்டன் ஓட்டைக்கு நூல் கட்டிக் கொடுக்கிறாள். அதற்கு வெளிச்சம் வேண்டும், அதனால் பகலெல்லாம் ஜன்னலோரம்தான். கொஞ்ச நாளாக அவளுக்கு ஒரு சந்தோஷம். "ஊர் பாக்க வர்றவங்க எவ்ளோ பாசமா இருக்காங்கடி! எல்லாரும் நிமிந்து நிமிந்து பாக்கறாங்க, கை ஆட்டறாங்க. ஒரு பொம்பள கும்புட்டே போச்சு!" என்பாள். அவர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னலில் பூந்தொட்டிகூட வாங்கி வைத்தாள். தானும் கை ஆட்டுவாள். "உங்க முகராசி அக்கா" என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரே பெண். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. கூட வேலை செய்கிற பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், பையனின் அப்பா அம்மா வெளியூரிலிருந்து பேசி முடிக்க வருவதாக இருந்தது. அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"சாயங்காலம் நீ கூட இருக்கணும்டி. எனக்குக் கை காலே ஓடல. அவ அப்பாவப் பத்திக் கேப்பாங்க. ஆக்சிடென்ட்டுன்னு நானே சொல்லிக்கறேன். நீ அந்தப் பேச்ச எடுத்துடாத. பொண்ணு பக்கத்துலயே இருப்பா."

"என்னக்கா, நான் போய்..."

"தெரியும்டி. இருந்தாலும் சொல்லி வைக்கறேன். அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா நான் அவ மூஞ்சில முழிக்க முடியாது."

அது என்ன விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் மூடி மறைத்து என்ன, ஊரே கேட்டாயிற்று.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு குடோனில் சூப்பர்வைசர். கண்ணாடி இல்லாவிட்டால் குளியலறையில் சோப்பைத் தேடக்கூட ஆள் வேண்டும், அவ்வளவு பவர். ஒருநாள் காலையில் பெண்ணைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. பெண் அப்போது சின்னவள், பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் கோபமாக இறங்கிப் போனார், அக்கா கோபமாகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி மேலேறி வந்து கதவைத் தட்டினார். கண்ணாடியை மறந்துவிட்டேன், எடுத்துக் கொடு என்றார். அக்கா உள்ளே இருந்தபடியே "அது இல்லாமலே போங்க" என்றாள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். மெயின் ரோட்டில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் போய் ஸ்கூட்டரோடு மோதினார்.

அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்றுதான் பெண்ணுக்குத் தெரியும். கதவு தட்டியதும், அக்கா சொன்ன வார்த்தையும் அக்காவோடு இருந்தது. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் காய்ந்தும் காயாத துணியை என்னோடு மடித்துக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை என்றாள்.

உள்ளறையில் இவர் இருந்தார். ஸ்பீக்கர் ஒயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. "இருங்கக்கா, அவரு உள்ள இருக்காரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குலுங்கிக் குலுங்கி அழுகிறவளை எப்படி நிறுத்துவது? அவர் பாட்டுக்கு ஒயரோடு மல்லுக்கட்டுகிறார், காதில் விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா போன பிறகு கண் சிவந்து வெளியே வந்தார். "பாவம்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா என் வாசலில் வந்து நின்ற அன்று காலை கவுண்டருக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்குத் தலையில் வட்டத் தொப்பி, கழுத்தில் கேமரா, வாய் ஓயாத மனிதர். அந்த அம்மாவுக்கு முட்டிவலி போலிருக்கிறது, கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அகழியில் பெடல் படகு ஓட்டியிருக்கிறார்கள், இரண்டு பேர் செருப்பும் சொதசொதவென்று நனைந்திருந்தது.

"விடிகாலை ரயில்ல வந்தோம். சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போகணும். அதுவரைக்கும் சும்மா உக்காந்து என்ன பண்றது, ஊரப் பாத்துடலாம்னு" என்றார் அவர். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பையை வாங்கினேன்.

"இந்த ஊர்லயே எனக்குப் புடிச்சது எது தெரியுமாம்மா? பீரங்கி இல்ல, கிணறு இல்ல. அந்த ஜன்னல்!"

"எந்த ஜன்னலுங்க?"

"உள்ளூர்க்காரங்க, உங்களுக்குத் தெரியாதா? அந்த மஞ்சக் குடைக்காரர் சொன்னாரே. தளபதி ஒருத்தன். சண்டைக்குப் போற அன்னிக்குக் காலைல பொண்டாட்டியோட வாக்குவாதம். கோவத்துல தலைக்கவசத்த வச்சிட்டுப் போயிடறான். பாதியில ஞாபகம் வந்து திரும்பி வந்து கதவத் தட்டறான். அவ தொறக்கல. 'அது இல்லாமலே போ'ங்கறா. போனான்... திரும்பி வரல. அவ வம்சத்துப் பொம்பளைங்க இன்னிக்கும் அந்த ஜன்னல்ல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்காங்களாம். மேல பாத்தா நெஜமாவே ஒரு அம்மா உக்காந்திருக்கு! கை ஆட்டினேன். அதுவும் ஆட்டுச்சு பாருங்க..."

அவர் டோக்கனுக்குக் கையை நீட்டினார். பூந்தொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சிரித்துக் கை ஆட்டிக்கொண்டிருக்கிறாளே என் அக்கா, எதற்கென்று தெரியாமல்! அவள் மட்டுமா? முகராசி என்று சொல்லிக்கொடுத்தவள் நான். டோக்கனை அவர் கையில் எப்படிக் கொடுத்தேன் என்றே நினைவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்ததும் கவுண்டரைப் பக்கத்தில் இருந்தவளிடம் விட்டுவிட்டு மணிக்கூண்டு டீக்கடைக்குப் போனேன். இவர் பீரங்கியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜன்னல் கதை யாரோட கதை?"

என் முகத்தைப் பார்த்ததுமே பீரங்கி கிளாஸோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். இவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரச் சொன்னேனா? அக்கா காதுல விழாம சந்து முனையிலயே சொல்லி முடிச்சிடுவேன். கண்ணாடியத் தலைக்கவசமா மாத்திட்டேன். ஸ்கூட்டரக் குதிரையா மாத்திட்டேன்."

"ஆள மாத்தினீங்களா? ஆளு அங்கயேதானே உக்காந்திருக்கு! விரல் நீட்டிக் காட்டறீங்களாமே!"

"சும்மா வீட்டக் காட்டினா யாரும் நம்ப மாட்டேங்கறாங்கடி. நிமிந்து பாக்கறப்ப அக்கா இருந்தாங்க. ஒருநாள் தானா அமைஞ்சு போச்சு..." குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தர்கூடச் சிரிச்சதில்ல. எல்லாரும் அழுவாங்க. சில நாளு எனக்கே கண்ணுல தண்ணி வந்துடும்."

"அழறதுக்கும் டிக்கெட் போட்டாச்சு. வெக்கமா இல்ல? அவங்க கையால எத்தன நாள் சாப்ட்டிருக்கீங்க?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். காது வரை சிவந்துவிட்டது. அதைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இனிமே அந்தச் சந்துல வாயத் தொறந்தீங்க, அந்த மைக்க உங்க வாயிலயே திணிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரர் உட்பட எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

சாயங்காலம் அக்கா வீட்டில் சோபாவுக்குப் புது உறை, என் வீட்டுக் கோப்பைகள், தட்டில் பிஸ்கட்டும் கேக்கும். பெண் ஒரு நீலப் புடவையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள். பையன் படியில் முன்னால் ஏறி வந்தான். பின்னால் ஒரு வட்டத் தொப்பி தெரிந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை.

"அட, பை கவுண்டர் அம்மா!" என்றார் அவர். அடுத்த நொடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பூந்தொட்டியைப் பார்த்தார். "ஏய், இங்க பாரு! இது அந்த வீடுதானே!" என்று தன் மனைவியின் தோளைத் தட்டினார்.

"எந்த வீடுங்க?" என்றாள் அக்கா சிரித்துக்கொண்டே.

"மொதல்ல உக்காருங்க! அம்மாவுக்கு முட்டி வலி, நின்னுட்டே இருக்காங்க!" என்று நான் ஏறக்குறையக் கத்தினேன். நாற்காலியை அந்த அம்மாவின் பின்னங்காலிலேயே இடித்துத் தள்ளினேன். தொப்பிக்காரர் மறுபடி வாயைத் திறந்தார், நான் கேக்கை நீட்டினேன். அதை விழுங்கிவிட்டுத் திறந்தார், ரயிலில் கூட்டமா என்று கேட்டேன். படகு எப்படி இருந்தது, வெயில் எப்படி, ஊரில் மழை உண்டா என்று மூச்சு விடாமல் கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவளுக்கு இன்றைக்கு என்ன பேய் பிடித்தது என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நேரம் பலித்தது. கோட்டை வாசலில் ராஜா வேஷம் போட்டு எடுத்த போட்டோவைக் காட்டினார். அட்டைக் கிரீடம் நெற்றியில் இறங்கியிருந்தது, பக்கத்தில் அந்த அம்மா மகாராணியாக முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தோம். பையனின் அம்மா பெண்ணின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "எங்களுக்கு மறுபேச்சு இல்லைங்க. இவன் சொன்னப்பவே முடிவு பண்ணிட்டோம்" என்றார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா, பிழைத்தோம் என்று நான் தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பினேன்.

"அப்புறம் அந்த ஜன்னல்" என்றார் அவர். "சம்பந்தி ஆயிட்டோம், இனிமே உரிமையாக் கேக்கலாம். அந்தத் தளபதி கதை நெஜமா?"

"தளபதியா?" என்றாள் அக்கா.

அவர் சொன்னார். மஞ்சக் குடைக்காரர் சொன்னது என்று முழுவதும் சொன்னார். இவர் சொல்வதைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, குழந்தை மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். நான் தண்ணீர் ஜாடியோடு அப்படியே நின்றேன். வாக்குவாதம் என்றதும் அக்காவின் சிரிப்பு அசையாமல் நின்றது. கதவைத் தட்டுகிறான் என்றதும் கோப்பையைக் கீழே வைத்தாள். "அது இல்லாமலே போ" என்று அவர் கையை வீசிச் சொன்னபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வது! கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நீயா என்று கேட்கிற பார்வை. நானில்லை அக்கா, இவர்தான் என்று சொல்லத் தோன்றியது. இவர் வேறு நான் வேறா? உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் யார்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அந்தத் தலைக்கவசம் எங்க இருந்துச்சாம் அங்கிள்?" என்று கேட்டாள் பெண்.

"வீட்லயேதாம்மா! ஆணியில தொங்கிட்டு இருந்துச்சாம்."

"எங்க அப்பாவும் அன்னிக்குக் கண்ணாடிய வீட்லயேதான் விட்டுட்டுப் போனாரு" என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தோலைப் பார்த்தே கண்டுபிடிக்கிற பெண் அவள்.

"அச்சச்சோ, நீங்க வேற, விட்டுத் தொலைங்க அந்தக் கதைய" என்று பையனின் அம்மா தன் வீட்டுக்காரரை அதட்டினார். பாவம், அவர் பதறிப் போய் மன்னிப்புக் கேட்டார். ஆக்சிடென்ட் விஷயம் தெரியும், ஞாபகமில்லாமல் பேசிவிட்டேன் என்றார். பரவாயில்லைங்க என்று அக்கா சொன்னாள். பெண் எழுந்து எல்லோருக்கும் இன்னொரு முறை டீ ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தேதி பேசினார்கள், நல்லபடியாகப் பேசி முடித்தார்கள், சிரித்துக்கொண்டே விடைபெற்றார்கள்.

அவர்களைச் சந்து முனை வரை கொண்டுவிட்டுத் திரும்பும்போது பெண் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சித்தி, அப்பா திரும்பி வந்தாரா?"

நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன்.

"கதவத் தட்டினாரா? அம்மா தொறக்கலையா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்ல வேண்டியதுதானே. எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் வாழ்க்கையில்! அந்த நேரத்தில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவள் கையை விட்டாள்.

"அந்த மஞ்சக் குடை சித்தப்பாதானே. எவ்ளோ நாளா சொல்றாரு?"

"தெரியலம்மா. எனக்கே இன்னிக்குத்தான்..."

"ஊர் பாக்க வந்தவன் எல்லாம் கேட்டுட்டுப் போயிருக்கான் சித்தி. பஸ் பஸ்ஸா வந்து கேட்டுட்டுப் போயிருக்கான். நான் இதே வீட்லதான் தூங்கி எழுந்திருக்கேன். எனக்குத் தெரியாது."

மேலே போய்விட்டாள். மாடியில் ஏதாவது சத்தம் கேட்குமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. ஏறிப் போய் அக்காவின் காலைப் பிடிக்க எனக்கு முகம் இல்லை.

வீட்டில் இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையால் முகத்தை மூடிக்கொண்டார். "நான் போய் அக்கா கால்ல விழுந்துடறேன்" என்றார். "எதுக்கு? நாளைக்கு அதையும் ஒரு ஸ்டாப்பா வச்சுக்கறதுக்கா?" என்றேன். அதற்கப்புறம் அவர் அழுதார். மைக் இல்லாமல் அழும்போது அவர் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்காரவில்லை. மனசு வரவில்லை.

மறுநாள் காலை அவர் கூட்டத்தோடு நானும் நடந்தேன். நம்பிக்கை இல்லை, அதுதான் காரணம். கோட்டை வாசலிலிருந்து சந்துக்குள் நுழைந்ததுமே குடையை இறக்கிக்கொண்டு வேகவேகமாக நடந்தார். தையல் கடை தாண்டியாயிற்று. அக்கா ஜன்னலோரம் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"சார், சார்! நில்லுங்க! ஜன்னல் கதை இங்கதானே?" என்றான் கூட்டத்தில் ஒருவன், போனைப் பார்த்துக்கொண்டு. "எல்லாரும் எழுதியிருக்காங்க, மிஸ் பண்ணிடாதீங்கன்னு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சாதாரண வீடு. அரண்மனைக்கு நேரமாச்சு."

"இருக்குதுங்க" என்றது ஒரு குரல். வாசலில் பெண் நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய கோலம், தோளில் பை. இரவு தூங்கியவள் மாதிரி இல்லை. நேராக வந்து கூட்டத்தின் முன்வரிசையில், மற்றவர்களோடு ஒருத்தியாக நின்றாள். "சொல்லுங்க சித்தப்பா. எல்லாருக்கும் சொன்னீங்கல்ல. எனக்கும் சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? மைக் போட்டபடியே இருந்தது. அவர் மூச்சு இரைப்பது ஸ்பீக்கர் வழியாகச் சந்து முழுக்கக் கேட்டது. கூட்டம் இதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்து அமைதியாகிவிட்டது. இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"அவர விடு" என்றாள் அக்கா, மேலே இருந்து. எழுந்து நின்றிருந்தாள். "மேல வாம்மா. நான் சொல்றேன்."

"ராத்திரியெல்லாம் கேட்டேன். வாயத் தொறக்கலயே நீ" என்றாள் பெண், நிமிர்ந்து. "இங்கயே சொல்லு. எல்லாரும் கேட்டதுதானே."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே இருந்த அத்தனை முகங்களையும் பார்த்தாள். தினமும் கை ஆட்டிய முகங்கள் இல்லை இவை, ஆனால் எல்லாம் ஒன்றுதான்.

"தட்டினாரு" என்றாள். "நான் தொறக்கல. அவ்ளோதான்மா. நான் தொறந்திருந்தா உனக்கு அப்பா இருந்திருப்பாரு."

பெண் அசையாமல் நின்றாள். அப்புறம் பை தோளிலிருந்து நழுவ, படியேறி ஓடினாள். மாடியில் இரண்டு பேரும் ஒன்றாக அழுகிற சத்தம் கேட்டது. அது சமாதானமா சண்டையா என்று கீழே இருந்து தெரியவில்லை.

கூட்டம் கை தட்டியது.

முதலில் ஒருவர், அப்புறம் எல்லோரும். போனில் படம் எடுத்தவன் "சூப்பர் சார்!" என்று இவர் முதுகில் தட்டினான். இவர் மைக்கைக் கழற்றக்கூடத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைத் தொட்டார்.

"எவ்ளோ இயல்பா நடிக்கறாங்க! நீங்க இந்தச் சந்துக்காரங்களா? தினமும் இப்படி நடிச்சுக் காட்டுவாங்களா?"

இல்லை, அது நிஜம் என்று சொன்னால் மறுபடி அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"ஆமாங்க" என்றேன். "தினமும்தான்."